மனைத்தரகருக்கு உரிமம்: சட்டம் செய்ததும் செய்யாததும்

ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகும் நேரத்தில் அங்கே கூடி நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வந்தால், பத்திரத்தை எழுதியவர் பதிவுத் துறையின் உரிமம் பெற்ற ஆவண எழுத்தராக இருப்பார். அதற்கு முன் தாய்ப்பத்திரங்களைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னவர் பார் கவுன்சிலில் பெயர் பதிந்த வழக்கறிஞராக இருப்பார். வாங்குகிறவருக்குக் கடன் கொடுத்த வங்கி, ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு தொழில் நடத்துவதாக இருக்கும். ஆனால் இவர்கள் அனைவரும் அந்த நாளில் அந்த இடத்தில் கூடுவதற்கே காரணமாக இருந்தவரும், விற்கிறவரை வாங்குகிறவரிடம் கொண்டுவந்து சேர்த்தவரும், விலையைப் பேசி முடித்தவரும், முன்பணம் கைமாறியபோது நடுவில் உட்கார்ந்திருந்தவருமான தரகர் மட்டும் அண்மைக் காலம் வரையில் எந்தச் சர்க்கார் புத்தகத்திலும் பெயர் இல்லாதவராகவே இருந்தார். ஹரியானா மாநிலம் 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் செய்து சொத்துத் தரகருக்கு உரிமம் வேண்டுமென்றது உண்மையே. எனினும் நாடு முழுவதற்கும் பொதுவாக அவருடைய பெயரை எழுதிக்கொண்டது, 2016ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம்தான். ஜனங்கள் இதைச் சுருக்கமாக 'ரெரா' என்கிறார்கள். பெயரை எழுதிக்கொண்டதற்கு மேல் அந்தச் சட்டம் என்ன செய்திருக்கிறது, என்ன செய்யாமல் விட்டிருக்கிறது, விட்டதை எவ்விதம் நிறைவு செய்யலாம் என்பதை இங்கே சற்று விரிவாக ஆராயலாம்.

தரகர் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பது நம்மவர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் நியாயமானதன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூர்விக வீட்டை விற்க விரும்புகிறவர் சென்னையில் உத்தியோகத்தில் இருக்க, அதை வாங்கத் தகுந்தவர் துபாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், இவ்விருவரும் ஒருவரையொருவர் தாமாகக் கண்டுகொள்வது எப்படி? எந்தத் தெருவில் ஐப்பசி மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு சித்திரையிலும் வற்றாது, எந்த வீட்டை விற்பதில் பங்காளிக்கு மனத்தாங்கல் இருக்கிறது, எந்த மனையின் பின்சுவர் அடுத்தவர் நிலத்தில் ஓர் அடி ஏறி நிற்கிறது என்பன போன்ற விவரங்கள் தாலுகா அலுவலகத்துப் பதிவேட்டில் இல்லை; உள்ளூர்த் தரகரின் ஞாபகத்தில் இருக்கின்றன. பத்துப் பேருக்கு மனை காட்டி ஒருவரிடம் முடிக்கும் அவர், மற்ற ஒன்பது பேருக்காக அலைந்த அலைச்சலுக்குக் கூலி பெறுவதில்லை. கிரயத்தில் ஒரு சதவிகிதமோ இரண்டு சதவிகிதமோ, வாடகையானால் ஒரு மாத வாடகையோ கமிஷனாகக் கொடுப்பது ஊர்வழக்கமே தவிர, சட்டம் வகுத்த விகிதமன்று; பத்திரம் முடிந்த பிறகு அதையும் குறைத்துக் கொடுப்பவர்களும், கொடுக்காமலே நழுவுபவர்களும் உண்டு. ஆகையால் உரிமத்தைப் பற்றிப் பேசும்போது, தரகரிடமிருந்து பிரஜைகளைக் காப்பது ஒரு நோக்கமென்றால், நேர்மையான தரகரைக் காப்பதும் அதற்குச் சமமான நோக்கமென்பதை மறக்கலாகாது.

தரகருக்குக் கடமைகளே இல்லாமல் இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவரைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. 182ஆம் பிரிவில் தொடங்கி 238ஆம் பிரிவு வரையில் அது நீள்கிறது. அதில் 215ஆம் பிரிவின் கீழ்ச் சட்டம் இயற்றியவர்கள் ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தம் எஸ்டேட்டை விற்றுத் தரும்படி முகவரிடம் ஒப்படைக்கிறார். முகவர் நிலத்தைச் சுற்றிப் பார்க்கையில், உடையவருக்கே தெரியாத ஒரு சுரங்கம் அதில் இருப்பதைக் காண்கிறார். சுரங்கத்தைப் பற்றி வாய் திறவாமல், "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லி வாங்கிவிடுகிறார். பிற்பாடு விஷயம் வெளிப்பட்டால், உடையவர் அந்தக் கிரயத்தை ஏற்க மறுக்கலாம் என்கிறது சட்டம். நியமித்தவருக்குத் தெரியாமல் முகவர் தம் சொந்தக் கணக்கில் நடத்திய வியாபாரத்தின் லாபத்தை நியமித்தவர் கேட்டுப் பெறலாம் என்கிறது 216ஆம் பிரிவு. தவறாக நடத்திய காரியத்துக்கு முகவர் ஊதியம் கேட்க முடியாது என்கிறது 220ஆம் பிரிவு. தருமத்தில் இதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. குறை எங்கே இருக்கிறதென்றால், இவையெல்லாம் நஷ்டம் நேர்ந்த பிறகு சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, ஆதாரம் காட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து பெற வேண்டிய பரிகாரங்களாக இருப்பதில்தான். நம் ஊர்த் தரகில் ஒப்பந்தமோ பெரும்பாலும் வாய்மொழி. இன்னார் இன்னாரை இன்ன வேலைக்கு நியமித்தார் என்பதற்கே சாட்சி தேட வேண்டிய நிலையில், சுரங்கத்தை மறைத்ததை எப்படி நிரூபிப்பது?

நடைமுறையில் காணும் சுரங்கங்கள் பலவிதம். உடையவர் இருபது லட்சம் கேட்டால், வாங்குகிறவரிடம் இருபத்துமூன்று சொல்லி, இடைப்பட்ட மூன்று லட்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதைத் தொழிலில் 'மேலே வைத்து விற்பது' என்கிறார்கள்; இதற்காகவே, கிரயம் முடியும் நாள் வரையில் விற்கிறவரும் வாங்குகிறவரும் தனியே சந்தித்துப் பேசிவிடாதபடி காவல் காப்பவர்கள் இருக்கிறார்கள். சிறிய தொகையை முன்பணமாகக் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, அந்தக் கெடுவுக்குள் வேறொருவரைப் பிடித்து அவர் பெயருக்கு நேரே கிரயம் செய்து வைப்பது மற்றொரு முறை. இன்னும் ஒரு படி மேலே போய், பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு 'பவர் ஏஜெண்ட்' என்ற பெயரில் தாமே கையெழுத்திட்டு விற்பவர்களும் உண்டு. அதிகாரப் பத்திரமும் அக்ரிமென்டும் மாத்திரம் ஒருவருக்குச் சொத்தில் உரிமையை மாற்றித் தந்துவிடா என்று 2011ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் சூரஜ் லாம்ப் வழக்கில் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டியிருந்ததிலிருந்தே, நாட்டில் அந்த வழக்கம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பது விளங்கும். இவற்றுள் எல்லாமே குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. தம் பணத்தைப் போட்டு, தம் கணக்கில் வாங்கி விற்கிறவர் வியாபாரி. அவர் லாபம் சம்பாதிக்கலாம். பிறருக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டே தமக்காக வியாபாரம் செய்வதுதான் தோஷம்.

தோஷம் மோசடியாக முதிர்ந்ததை நம் மாநிலம் ஒரு தலைமுறைக் காலம் பார்த்தது. தொண்ணூறுகளிலிருந்து விவசாய நிலங்களில் கல் நட்டு, சிவப்பு மண் சாலை போட்டு, வண்ணக் கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன் வைத்து ஜனங்களை அழைத்துப் போய், மத்தியான்னச் சாப்பாடும் போட்டு மனை விற்றார்கள். "மெயின் ரோட்டிலிருந்து ஐந்து நிமிஷம்" என்று சொன்ன இடத்துக்குப் போவதற்கு வேனில் அரைமணி நேரம் ஆயிற்று. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று காட்டிய காகிதம், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதிக்கு ஈடாகாதென்பது வாங்கினவர்களில் பலருக்குத் தெரியவில்லை. விற்ற ஏஜெண்டுகளிலும் பலருக்குத் தெரியாது என்பதே இதில் அதிகம் வருந்தத்தக்கது. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பெண்ணின் கல்யாணத்துக்கு விற்கலாமென்று மனை வாங்கிப் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் திகைத்து நின்றன. மறுவருஷம் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, கட்டணம் கட்டி மனையை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சர்க்கார் வழி செய்தது. அந்தக் கட்டணத்தைக் கட்டியவர் மனை வாங்கினவர். விற்ற அன்றே கமிஷனைப் பெற்றுக்கொண்ட ஏஜெண்டிடம் ஒரு காசைத் திருப்பிக் கேட்கவும் அப்போது வழியிருக்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் ரெரா வந்தது. அதன் சில பிரிவுகள் 2016 மே 1ஆம் தேதியும், மனைத்திட்டப் பதிவு, தரகர் பதிவு முதலிய முக்கியமான பிரிவுகள் 2017 மே 1ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டு விதிகள் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியாயின. தரகர் யார் என்பதற்கு இந்தச் சட்டம் கூறும் இலக்கணம் மிகவும் விரிவானது: ஊதியம் பெற்றுக்கொண்டு பிறர் சார்பில் விலை பேசுகிறவர் மட்டுமல்லாமல், எந்தச் சாதனத்தின் மூலமாகவேனும் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துகிறவரும், புரோக்கர், மீடியேட்டர் என்று எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறவரும் அதில் அடங்குவர். 9ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் மனையோ வீடோ விற்றுத் தர வேண்டுமானால் தரகர் முதலில் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தால் கிடைக்கும் எண்ணைத் தாம் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். 10ஆம் பிரிவு அவருடைய கடமைகளைச் சொல்கிறது. பதிவாகாத திட்டத்தை விற்க உதவக் கூடாது. கணக்குகளையும் ஆவணங்களையும் வைத்துப் பாதுகாக்க வேண்டும். இல்லாத அனுமதி இருப்பதாகவோ, தரப்போகாத வசதியைத் தருவதாகவோ வாயாலும் எழுத்தாலும் படத்தாலும் சொல்லக் கூடாது. புக்கிங் செய்கிற வேளையிலேயே, வாங்குகிறவர் பெறுவதற்கு உரிமையுள்ள தகவல்களும் ஆவணங்களும் அவர் கைக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேன்களை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைப் படிக்கிறவர்களுக்கு, ஒவ்வொரு வாக்கியமும் எந்த அனுபவத்திலிருந்து பிறந்ததென்பது புலப்படும்.

பதிந்துகொள்வது கடினமான காரியமன்று. பெயர், விலாசம், தொழில் நடத்தும் இடத்துக்கான சான்று, புகைப்படம், பான் எண், வருமானவரிக் கணக்கு இவற்றோடு, தனிநபரானால் ஒரு விகிதத்திலும் நிறுவனமானால் அதனினும் கூடுதலாகவும் கட்டணம் செலுத்தி, ஆணையத்துக்கு இணையவழி விண்ணப்பம் செய்தால் போதும். ஒரே பதிவு மாநிலம் முழுவதற்கும் செல்லும்; தமிழ்நாட்டு ஆணையத்தின் அதிகாரம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தை நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், விண்ணப்பித்தவரை விசாரிக்கவும் வேண்டும். குறித்த கெடுவுக்குள் ஆணையம் பதிலே சொல்லாவிட்டால் பதிவானதாகவே கொள்ளப்படும். பதியாமல் தொழில் நடத்துகிறவருக்கு 62ஆம் பிரிவு விதிக்கும் தண்டம் கடுமையானது: குற்றம் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம், விற்ற மனை அல்லது வீட்டின் விலையில் ஐந்து சதவிகிதம் வரையில் அது ஏறிக்கொண்டே போகலாம். தவறான தகவல் தந்து பதிவு பெற்றிருந்தாலோ, நிபந்தனைகளை மீறினாலோ பதிவை ரத்து செய்யவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. பாதிக்கப்பட்டவர் 31ஆம் பிரிவின் கீழ்த் தரகர் மேல் நேரடியாக ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் எந்தச் சந்தையை இந்தச் சட்டம் ஆள்கிறதென்று பார்க்கும்போது மனம் சோர்வடைகிறது. பதிவுக் கட்டாயம், பதிவு செய்யப்பட்ட திட்டத்தில், அதை உருவாக்கிய புரொமோட்டரே விற்கும் மனைக்கும் வீட்டுக்கும்தான். நிலத்தின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு, அதாவது நம் கணக்கில் சுமார் பன்னிரண்டு சென்டுக்கு, மேற்படாத திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் பதிவே வேண்டியதில்லை. பழைய வீட்டை விற்பதும், ஒருவர் வாங்கிப் போட்ட மனையை இன்னொருவருக்கு மறுகிரயம் செய்வதும், விவசாய நிலத்தைக் கைமாற்றுவதும், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதும் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. மேலே வைத்து விற்பதும், அக்ரிமென்ட் போட்டுக் கைமாற்றுவதும், பவர் வாங்கி விற்பதும் எங்கே நடக்கின்றன? பெரிய புரொமோட்டரின் அடுக்குமாடி விற்பனைக் கூடத்தில் அல்ல. தெருக்கோடித் தேநீர்க்கடை பெஞ்சில், பழைய வீட்டுக்கும் தனி மனைக்கும் நடக்கும் பேரத்தில். ஆபத்து குறைந்த இடத்தில் காவலை நிறுத்தி, அதிகமான இடத்தைத் திறந்து விட்டிருக்கிறோம். பதியாத தரகர் மறுகிரயத்தில் தவறு செய்தால், வாங்கினவர் இன்றும் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. சட்டத்திலுள்ள குறைகளிலெல்லாம் தலையாயது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது குறை, கல்வியைப் பற்றியது. சட்டம் தரகருடைய விலாசத்தைக் கேட்கிறது, வரிக்கணக்கைக் கேட்கிறது. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது எவ்வளவு என்பதை ஒரே ஒரு காகிதத்தை வைத்துப் பார்க்கலாம். வில்லங்கச் சான்றிதழில் வில்லங்கம் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் சொத்து சுத்தமானதென்று எண்ணுகிறவர்கள் பலர். அந்தச் சான்றிதழ், பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலை அது காட்டாது. பங்காளிகள் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகத்தைக் காட்டாது. நீதிமன்றத்தில் நிலுவையிலிருக்கும் வழக்கு பெரும்பாலும் அதில் தென்படாது. சர்வே எண் உட்பிரிவாகப் பிரிந்த பிறகு பழைய எண்ணை வைத்துத் தேடினால் பாதி விவகாரம் விட்டுப்போகும். விற்கிறவர் தகப்பனார் வழிச் சொத்தை விற்கிறாரென்றால் அவருடைய சகோதரிகள் கையெழுத்திடுகிறார்களா என்று கேட்க வேண்டும். ஏனென்றால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குச் சம பாத்தியதையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலும், பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டிலும் சட்டமாக்கிவிட்டன. நிலம் பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, வக்ஃப் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கை ஒட்டியதா என்று வருவாய்த் துறைப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கென்று பிரிட்டிஷ் சர்க்கார் 1892ஆம் ஆண்டு முதல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பிற வகுப்பார் வாங்கினால் அந்தக் கிரயம் நிலைக்காதென்பதை அறியாமல் விலை பேசுகிற தரகர், விற்கிறவரின் பூமியையும் வாங்குகிறவரின் பணத்தையும் ஒருங்கே அழிக்கிறார். வழக்கறிஞர் இவற்றைப் பார்த்துக்கொள்வாரே என்று சொல்லலாம். வழக்கறிஞரிடம் போவதற்குள் முன்பணம் கைமாறிவிடுகிறது என்பதே இதற்கு விடை.

மகாராஷ்டிரம் இந்தக் குறையை உணர்ந்துகொண்டது. அம்மாநில ஆணையம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில், தரகர்கள் 20 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்று உத்தரவிட்டது. முதல் தேர்வு அவ்வருஷம் மே மாதத்தில் நடந்தது. ஏற்கனவே பதிவு செய்து தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் அது கட்டாயமாயிற்று. இருபது மணி நேரம் அற்பம் என்று தோன்றலாம். தரகருடைய கல்விக்கு ஆணையம் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமென்பதை அது காட்டிவிட்டது. மத்தியச் சட்டத்தைத் திருத்தாமலே அதைச் செய்திருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்தத் துறையில் நெடுநாள் அனுபவமுள்ள தேசங்களைப் பார்த்தால், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம்தான் முதலாவதாகத் தரகர் உரிமச் சட்டம் செய்தது. 1917ஆம் ஆண்டில் செய்த சட்டம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 1919இல் மறுபடியும் இயற்றினார்கள், அது நிலைத்தது. இன்று அங்கே ஒருவர் பிறரிடம் விற்பனையாளராகச் சேர்ந்து தொழில் செய்வதற்கே, 45 மணி நேரம் கொண்ட பாடங்கள் மூன்றைப் படித்து முடித்து, 150 கேள்விகள் கொண்ட பரீட்சையில் 70 சதவிகிதம் வாங்க வேண்டும். சொந்தப் பெயரில் தரகு நடத்துவதானால் எட்டுப் பாடங்களும், இரண்டு வருஷ அனுபவமும், 200 கேள்விகள் கொண்ட பரீட்சையில் 75 சதவிகிதமும் தேவை. நான்கு வருஷத்துக்கு ஒரு முறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மேலும் 45 மணி நேரம் படித்திருக்க வேண்டும். பரீட்சையைவிட என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. உரிமம் பெற்ற தரகர் ஒருவர் மோசடி செய்து, ஏமாந்தவர் நீதிமன்றத்தில் தீர்ப்பும் பெற்று, ஆனால் தரகரிடம் வசூலிக்கச் சொத்து எதுவுமில்லை என்று ஆகிவிட்டால், உரிமக் கட்டணங்களிலிருந்து சேர்த்து வைத்த ஒரு நிதியிலிருந்து ஒரு விவகாரத்துக்கு 50,000 டாலர் வரையில் அவருக்குக் கொடுக்கிறார்கள். கட்டிய கட்டணம் பிரஜைகளுக்கு ஜாமீனாகத் திரும்பி வருவது, உரிமம் என்ற ஏற்பாட்டுக்கே ஓர் அர்த்தத்தைத் தருகிறது. நம் ஆணையங்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வாங்கும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது இவ்விதம் ஒதுக்குவதற்கு யாதொரு தடையும் இருக்க நியாயமில்லை.

பணத்தைக் கையாள்வதில் சிங்கப்பூர் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழியாயிருக்கும் அந்தத் தீவில், 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் தரகர் அமைப்புகளுக்கான கவுன்சில் ஒன்று ஏற்பட்டது. அதன் விதிகளில் இரண்டு நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை. சொத்துக் கிரய விவகாரத்தில் தரகர் கிரயப் பணத்தைத் தம் கையால் தொடவே கூடாது என்பது ஒன்று. ஒரே விவகாரத்தில் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஒருவரே பிரதிநிதியாக இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. யார் உரிமம் பெற்றவர் என்பதைப் பொதுப் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம். தொலைபேசி எண்ணை வைத்தே பார்க்கலாம். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதைச் சகஜமாகக் கருதும் நமக்கு இரண்டாவது விதி கடுமையாகத் தோன்றும். உடனே அதைப் புகுத்த வேண்டுமென்று நானும் சொல்லவில்லை. எந்தப் பக்கத்தில் எவ்வளவு வாங்குகிறாரென்பதை இரண்டு தரப்பாருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்ற அளவிலாவது தொடங்கலாம். முதல் விதியைப் பொறுத்தவரையில் தயக்கத்துக்கு இடமே கிடையாது. ஸ்தாவர சொத்துக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு செய்த திருத்தம் ஏற்கனவே தடுக்கிறது. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல் வரவுள்ள தரகர்களை 2020ஆம் ஆண்டில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆயினும் 'டோக்கன்' என்ற பெயரில் தரகர் கையில் ரொக்கம் ஏறுவது நிற்கவில்லை. டோக்கன் வாங்கிய தரகர், உடையவர் மனம் மாறிவிட்டாரென்று சொல்லி, மாதக்கணக்கில் திருப்பித் தராமல் இழுத்தடித்த கதைகளைக் கேளாதவர் நம்மில் குறைவு.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது இங்கிலாந்து. 1979ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே எவரும் உரிமமில்லாமல் தரகராகலாம். தகாதவர் என்று கண்டால் தொழில் செய்யத் தடை விதிப்பார்கள். தரகருக்குக் குறைந்தபட்சத் தகுதி வகுப்பதற்கென்று ஒரு பிரிவை அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எழுதியதோடு சரி, அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. நாற்பது வருஷம் கழித்து, 2019இல், அவர்கள் நியமித்த குழு ஒன்று உரிமமும் கட்டாயத் தகுதியும் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. தகுதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாமென்று விட்டால் அந்தப் பிற்பாடு எவ்வளவு காலம் தள்ளிப் போகுமென்பதற்கு இது போதிய திருஷ்டாந்தம்.

உரிமத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் இரண்டை மதிக்க வேண்டும். உரிமம் என்று வந்துவிட்டால் தொழிலில் நுழைவது அருமையாகி, நுழைந்தவர்கள் கமிஷனை ஏற்றிவிடுவார்கள் என்பது ஒன்று. அனாவசியமான படிப்பைக் கட்டாயமாக்கினால் அப்படி நேரக்கூடும். ஆனால் வில்லங்கம் படிக்கத் தெரிய வேண்டுமென்பதை அனாவசியமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். மற்றொன்று, சிறிய தரகருடைய ஜீவனத்தைப் பற்றியது. மளிகைக் கடையோ சலவைக் கடையோ வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒன்றிரண்டு வாடகை வீடு பிடித்துக் கொடுத்து, அதில் வரும் சொற்ப வருமானத்தால் குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய்க் கட்டணத்தையும் ஆங்கிலப் படிவத்தையும் அவர்கள் முன் வைத்தால், அவர்கள் தொழிலை விட்டு விலக மாட்டார்கள். சட்டத்தை விட்டு விலகி நிற்பார்கள். ஆகையால் மறுகிரயத்தையும் வாடகையையும் சட்டத்துக்குள் கொண்டுவரும்போது கட்டணத்தை அவர்களுக்கு எட்டும்படி வைப்பதும், பாடங்களையும் தேர்வையும் தமிழில் நடத்துவதும், எழுதிப் பழகாதவர்களுக்கு வாய்மொழித் தேர்வுக்கு இடமளிப்பதும் கருணையால் செய்யும் சலுகைகளாக மாட்டா. சட்டம் பலன் தருவதற்கே அவை அவசியம். ஒவ்வொரு பதிவு மாவட்டத்திலும், ஓய்வு பெற்ற சார்பதிவாளர்களையும் சர்வேயர்களையும் கொண்டு சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தினால், ஒரே வருஷத்தில் மாநிலம் முழுவதும் ஒரு புதிய தலைமுறைத் தரகர்களை உண்டாக்கிவிடலாம். கட்டட வசதி பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. பாடப் புத்தகம் ஒன்றுதான் எழுதப்பட வேண்டும்.

சட்டம் திருந்தும் வரையில் வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய திட்டத்தில் மனையோ வீடோ வாங்குகிறவர்கள் தரகரிடம் முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் எண்ணையும் அங்கேயே பாருங்கள். பதிவான அக்ரிமென்ட் இல்லாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் புரொமோட்டர் முன்பணம் வாங்கக் கூடாதென்று 13ஆம் பிரிவு சொல்வதை ஞாபகத்தில் வையுங்கள். பழைய வீடானாலும் தனி மனையானாலும், முன்பணத்தை உடையவர் பெயருக்குக் காசோலையாகவே கொடுங்கள். தரகருடைய கமிஷன் இவ்வளவு என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் பேசியபடி குறைக்காமல் கொடுத்துவிடுங்கள். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன், ஒரு நல்ல ஆவண எழுத்தரிடமோ சொத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடமோ சில மாதங்கள் உடனிருந்து, வில்லங்கமும் பட்டாவும் புலப்படமும் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பரீட்சையை இன்று சட்டம் உங்களுக்கு வைக்கவில்லை; உங்களிடம் முதல் முன்பணத்தை நம்பிக் கொடுக்க வருகிற குடும்பம் வைக்கும்.